பச்சை விரியனுக்குக் கட்டஞ்சாயா

தீயை அணைக்கத்தான் தீயணைப்புத் துறையில் சேர்ந்தேன். பாம்பு பிடித்தே ஓய்வு பெற்றேன். நடுவில் சில வைக்கோல் போர்களும், ஒரு பஞ்சு குடோனும், தீபாவளிக்குத் தீபாவளி ஒன்றிரண்டு கூரைகளும் எரிந்தன. அவற்றையும் அணைத்தோம். ஆனால் போடியிலும் சுற்றுப்பட்டியிலும் என்னைப் பார்க்கிறவர்கள் யாரும் தீயைப் பற்றிப் பேசுவதில்லை. "பாம்பு பிடிக்கிறவரு போறாரு" என்றுதான் சொல்கிறார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னால், வீட்டுக்குள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

சென்ற மாதம் நிலையத்துப் பையன்கள் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதாம். புகைக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் என்மேல்தான் அதைத் திருப்பினார்கள். திரையில் என் சட்டை நீலமாகவும், முகம் சிவப்பாகவும், வழுக்கை மட்டும் பளீரென்று மஞ்சளாகவும் தெரிந்தது. "அண்ணே, ஒங்களுக்கு மண்டையிலதான் சூடு அதிகம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே ஏலமலையில் பச்சை விரியன் இந்தக் கேமராவைக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிறக்கிறது, அதற்கு டெண்டரும் விடுவதில்லை, சார்ஜும் போடுவதில்லை என்றேன். நம்பவில்லை. பேச்சியம்மா விஷயத்தை முழுதாகச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழைக்கு அவர்களைக் கேளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏணியில் ஏறினோம், இறங்கினோம். குழாயை விரித்தோம், சுருட்டினோம், சரியாகச் சுருட்டவில்லை என்று மறுபடி விரித்தோம். பாம்பு என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரமே சுப்புராஜ் நகர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாரைப்பாம்பு என்று அழைப்பு வந்தது. தலைக்கவசம், முட்டிவரை பூட்ஸ், இடுப்பில் கோடாலி என்று சகல அலங்காரத்தோடும் போய் இறங்கினேன். பாம்பு என்னைப் பார்த்தது. நான் பாம்பைப் பார்த்தேன். இரண்டு பேரில் யார் முதலில் ஓடினோம் என்பதை அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தொழில் பழக்கியவர் நிலைய அலுவலர் அருமைநாயகம் சார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். குள்ளமான உருவம், மடிப்புக் கலையாத காக்கி, எதற்கும் உயராத குரல். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பாம்பு, பல்லி, உடும்பு எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "வாங்க, இப்படித் தள்ளி வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று நல்லபாம்பை அழைப்பார். அடுத்த மூச்சில் எங்களைப் பார்த்து, "ஏல மூதி, சாக்கைப் பிடி" என்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"சார், பாம்புக்குத்தான் காதே இல்லையே. அதுக்கு எதுக்கு இம்புட்டு மரியாதை?"

"காது இருக்கிற ஒனக்கு இத்தன வருசம் மரியாதை குடுத்து நான் என்னல கண்டேன்?" என்றார்.

எனக்கு அவர் எந்த வருஷம் மரியாதை கொடுத்தார் என்பது இதுவரை தெரியவில்லை.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது என்பதையும் அவர்தான் விளக்கினார். தரையில் வைத்திருக்கிற தாடை வழியாக அது அதிர்வை வாங்கிக்கொள்கிறது. நாம் போடுகிற கூச்சலில் பெரும்பகுதி அதற்குப் போய்ச் சேர்வதில்லை, தடதடவென்று மிதிக்கிற மிதி நன்றாகப் போய்ச் சேர்கிறது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் உத்தரவு ஒன்றுதான்: எல்லோரும் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், ஆனால் நின்ற இடத்தில் நின்று கத்துங்கள். நம் ஜனங்கள் தலைகீழாகச் செய்வார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீடு அதிர ஓடுவார்கள்.

உடும்பு விஷயம் வேறு. தேவாரம் ஊரில் ஒரு கோழிக்கடைக்குள் உடும்பு புகுந்துவிட்டது. பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அது தன்னைப் பார்த்து நக்கல் செய்வதாகவே எடுத்துக்கொண்டார். "பாருங்க சார், எங் கடையிலயே வந்து எனக்கே வக்கணம் காட்டுது" என்று அவருக்குக் கோபம் தாங்கவில்லை. சார் பொறுமையாகச் சொன்னார்: "அவுக ஒங்களப் பாக்கவே இல்ல. நாக்கால வாசத்த அள்ளிக் கொண்டுபோயி மேலண்ணத்துல வச்சுப் பாக்காக. எடப்பக்க நாக்குல வாசம் தூக்கலா இருந்தா எடப்பக்கம் போவாக, வலப்பக்கம்னா வலப்பக்கம். ஒங்க கொடல்கூடை எந்தப் பக்கம் இருக்குன்னு விசாரிக்காக." கூடையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். உடும்பு நூல் பிடித்த மாதிரி பின்னாலேயே வந்தது. கடைக்காரருக்கு அதிலும் வருத்தம்தான். இத்தனை நாள் வந்த வாடிக்கையாளர்களில் யாரும் அவ்வளவு ஆசையோடு அவர் கடையைத் தேடி வந்ததில்லையாம்.

பல்லிக்குக்கூட எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. காலையில் பல்லி சொல்லும் திசையைக் கேட்டுவிட்டுத்தான் ஏலத்துக்குக் கிளம்புவார். அவர் வீட்டு முன்னறையில் ஒரு பல்லி தினமும் தென்மேற்கு மூலையில் இருந்து சொல்லித் தொலைத்தது. அவருக்கு வேண்டியது வடகிழக்கு. அடிக்கவும் முடியாது, பாவம். ஆகவே பல்லிக்கு ஆபத்தில்லாமல் அதைப் பிடித்து எதிர்மூலையில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவசர எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். அழைப்பு என்று வந்துவிட்டால் போகாமல் இருக்கக் கூடாது என்பது சாருடைய கொள்கை. போனோம். நான் ஸ்டூலில் ஏறிக் கையை வைத்ததும், வாலை என் கையில் கொடுத்துவிட்டு ஆள் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. வால் என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. வியாபாரியின் வீட்டம்மா அதைப் பார்த்து, "ஏங்க, இது எந்தத் திசையில சேத்தி?" என்று கேட்டார்.

பிறகு எப்படியோ பிடித்து வடகிழக்கில் விட்டோம். அடுத்த வாரமே அது மொட்டை வாலோடு பழைய மூலைக்குத் திரும்பிவிட்டது. ஏனென்றால் டியூப்லைட் அங்கேதான் இருந்தது. பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அரை இருட்டிலும் நம்மைவிடப் பல மடங்கு நன்றாகப் பார்க்கும். அது பார்ப்பதெல்லாம் பூச்சியை, பூச்சி வருவதெல்லாம் விளக்குக்கு. அது கத்துவது ஏலக்காய் விலையைப் பற்றி அல்ல, இந்த டியூப்லைட் என்னுடையது என்று அடுத்த பல்லிக்குச் சொல்கிறது. இதைச் சார் எடுத்துச் சொன்னபோது வியாபாரி முகம் தொங்கிப்போயிற்று. பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டியூப்லைட்டை வடகிழக்குக்கு மாற்றிவிட்டார். பல்லியும் போயிற்று. அன்று முதல் அந்த வீட்டில் சகுனம் எல்லாம் சுபம்தான்.

இவையெல்லாம் சிரித்துவிட்டு வருகிற சமாசாரங்கள். பேச்சியம்மா விஷயம் அப்படி அல்ல.

ராசிங்காபுரத்துக்காரி. புருஷன் இல்லை. காலையில் ஜீப்பு ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிற பெண்களில் ஒருத்தி. ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில் காய்க்கிறது. குனிந்து தூருக்குள் கையை விட்டு, பழுத்த காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். அந்த ஈரமும் நிழலும் தவளைக்குப் பிடிக்கும். தவளை இருக்கிற இடம் பச்சை விரியனுக்குப் பிடிக்கும். அதனால் ஆளுக்கொரு கம்பு வைத்திருப்பார்கள். முதலில் தூரைத் தட்டுவது, பிறகு கையை விடுவது. ஒருநாள் பேச்சியம்மா தட்டிய தட்டு போதவில்லை. வலது கையில் கடித்துவிட்டது. கடித்ததைக் கம்பால் ஓங்கி அடித்திருக்கிறாள். வால் பக்கம் பட்டு நுனி துண்டாகி, பாம்பு கீழே விழுந்து எங்கோ போய்விட்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை முழங்கைவரை வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மெல்ல மெல்லத் தேறினாள். தேறியதும் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்குப் போய் நின்றாள். ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள்.

சொன்னது ராமுத்தாய். ஜீப்புக்கு ஆள் சேர்ப்பது அவள்தான். தோட்டத்திலும் அவள் வைத்ததுதான் சட்டம். பேச்சியம்மாவுக்கு மதினி முறை வேறு. அடிபட்ட பாம்பு அடித்தவள் முகத்தைக் கண்ணில் எடுத்து வைத்திருக்கும், எங்கே போனாலும் தேடி வரும், அவளோடு சேர்ந்து போகிறவர்களுக்கும் ஆபத்து என்பது அவள் கட்சி. அதற்குச் சாட்சியும் இருந்தது. பேச்சியம்மாவைக் கடித்த அதே செடியில், அதே தூரில், ஒரு பச்சை விரியன் நாள்தவறாமல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்காகத்தான் காத்திருக்கிறது என்று முடிவாயிற்று. அதை அடிக்கவும் யாரும் துணியவில்லை. அடித்தால் பழி அடித்தவள் பக்கம் திரும்பிவிடுமே.

பேச்சியம்மா நேராக நிலையத்துக்கு வந்தாள். வீக்கம் வடிந்து தோல் சுருங்கிய கையை மேஜைமேல் வைத்தாள்.

"சார், அந்தப் பாம்பப் பிடிச்சுக் கொண்டுபோயி வேற காட்டுல விட்டுருங்க. அது இருக்குற மட்டுக்கும் என்னைய ஜீப்புல ஏத்தமாட்டாளுக. நடவு, களையின்னு போகலாம்னா இந்தக் கை சேத்துல நிக்காது. காய் எடுக்க மட்டுந்தான் விரலு மடங்குது. சீசனு போனா நானும் எம் மகளும் என்ன சார் செய்ய?"

சார் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிடிச்சு விடுறது பெரிய சோலி இல்ல, தாயி. ஆனா அவுக போன எடத்துக்கு நாளைக்கு இன்னொருத்தக வருவாக. நல்ல தூர், நல்ல தவள, யாரு வேண்டாம்பாக? அப்பவும் ஒன்னத் தேடித்தான் வந்துச்சுன்னு சொல்லுவாளுக. பாம்ப மாத்தி என்ன செய்ய? மாத்த வேண்டியது அவளுகள."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாம்பைக்கூடச் சாக்கில் போடலாம், ராமுத்தாயை எந்தச் சாக்கில் போடுவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் கிளம்பினோம். எங்கள் பெரிய வண்டி தோட்டத்துப் பாதையில் போகாது. சார் அந்தப் பெண்கள் போகிற ஜீப்பிலேயே முன்னால் ஏறிக்கொண்டார். பேச்சியம்மாவும் ஏறப் போனாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறினேன். கொக்கிக் கம்பு அவள் மடியில் குறுக்காக இருந்தது. ரப்பர் கையுறைகள் இருந்த பையும் அவளிடம்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கம்பு எதிரே வருகிற லாரியை உரசப் பார்த்தது.

"அண்ணே, பாம்பு என்னையக் கொல்லாட்டியும் நீங்க கொன்னுருவீக போல" என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தோட்டம் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் என்றால் அது மலையாளப் பாம்பு, எங்கள் பொறுப்பில் வராது. போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் தூரத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் கையில் தட்டுகிற கம்பு ஒன்றுகூட இல்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

பாம்பு சொன்ன இடத்திலேயே இருந்தது. தூரை ஒட்டி, ஒரு காய்ந்த தண்டின்மேல் சுருண்டு, தலையைச் சுருளின் நடுவில் வைத்திருந்தது. பாசி நிறம். பார்க்கத் தெரியாதவர்களுக்கு அது செடியின் ஒரு பாகம். சார் இரண்டு முழத் தூரத்தில் மெல்லக் குந்தினார். தரை அதிராமல் உட்காருவது என்பது ஒரு வித்தை, அந்த உடம்பை அவர் பஞ்சு மாதிரி இறக்குவார். "கும்பிடுறேன்" என்றார் பாம்பிடம். பிறகு என்னைப் பார்த்து, "ஏல, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல குழி தெரியுதா பாரு" என்றார். தெரிந்தது. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"அதுலதான் அவுக சூட்டப் பாக்காக. கண்ணு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்த இருட்டுத் தூருக்குள்ள சூடா எது வருதுங்கிறதக் குழிதான் சொல்லும். எலி சூடு. குருவி சூடு. இவளுக கையும் சூடு. பேரு, ஊரு, மூஞ்சி ஒண்ணும் அதுல தெரியாது."

"வாலப் பாருங்க சார்" என்றேன் நான். வால் நுனிவரை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பேச்சியம்மா அடித்த பாம்பே அல்ல இது.

சார் அதை ராமுத்தாயிடம் சொன்னார். அவள் அசரவில்லை. "வாலு மொளச்சிருக்கும். பல்லிக்கு மொளைக்கலையா?" என்றாள். மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். பாம்புக்கு வால் முளைக்காது என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

சார் விவாதத்தை விட்டுவிட்டார். ஒரு ரப்பர் கையுறையில் ஓடைத் தண்ணீரை நிரப்பச் சொன்னார். நிரப்பி முடிச்சுப் போட்டுக் கம்பு நுனியில் கட்டினேன். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு பிணத்தின் கை மாதிரி தொங்கியது. கம்பைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார். "நீட்டு தாயி, மெதுவா." அவள் கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். நீட்டினாள். கையுறை பாம்பின் தலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பாம்பு அதைச் சட்டை செய்யவில்லை.

அடுத்து சூடாக ஏதாவது வேண்டும். தோட்டத்தில் அந்த நேரத்தில் சூடாக இருந்தது ஒன்றே ஒன்று, சூப்பர்வைசருடைய பால் ஊற்றாத கட்டஞ்சாயா. ஒரு கெட்டில் நிறையப் போட்டு வைத்திருந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் சாயாவை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை. "பாம்பினு சாயாவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றிக் கையுறையில் ஊற்றினேன். கட்டன் நிறத்தில் ஒரு கை தயாராயிற்று. அதற்குள் ராமுத்தாய் எதையோ கேட்க, சார் பதில் சொல்ல, நான் வேடிக்கை பார்க்க, பனியில் சாயா ஆறிப்போயிற்று. நீட்டினால் பாம்பு கொட்டாவிகூட விடவில்லை.

"பாத்தீகளா?" என்றாள் ராமுத்தாய். "அதுக்கு வேண்டியவ வேற."

"ஏல, சூடா கொண்டான்னா ஆற வச்சு வச்சுக்கிட்டு நிக்க. வெரசா போ" என்றார் சார்.

இரண்டாவது சாயா ஊற்றும்போது சூப்பர்வைசர் முகத்தை நான் பார்க்கவில்லை. இந்த முறை ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து நீட்டினேன். கையுறை ஒரு முழத் தூரத்தில் வந்ததும் அந்த முக்கோணத் தலை திரும்பியது. கையுறையை வலது பக்கம் நகர்த்தினேன், தலையும் வலது பக்கம் வந்தது. இடது பக்கம் நகர்த்தினேன், இடது பக்கம் வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்து பார்த்தபோது கட்டைவிரல் ஓட்டையாகி, இரண்டு பொத்தல் வழியாகக் கட்டன் பீச்சிக்கொண்டிருந்தது. பாம்பு பழையபடி சுருண்டிருந்தது. அது தலையை நீட்டியதையும் இழுத்ததையும் என் கண் தவறவிட்டது.

பெண்கள் பின்வாங்கினார்கள். ராமுத்தாய் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அவளைப் பற்றி என்ன சொன்னாலும், மூளை வேலை செய்கிற பொம்பளை. "அந்தக் கையொறை இம்புட்டு நேரம் பேச்சி மடியில தான வந்துச்சு. அவ வாசம் அதுல இல்லாமப் போகுமா?" என்றாள்.

சாருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மனிதப் பிறவிமேல் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன். "நல்ல கேள்வி கேக்கிய" என்றார். கடைசிக் கையுறையை எடுத்து, ஓடையில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி அவளிடமே கொடுத்தார். அவளே கழுவினாள். அவளே சாயாவை ஊற்றினாள். தன் தலைத்துண்டில் இருந்து ஒரு முழம் கிழித்து அவளே கட்டினாள். பேச்சியம்மாவைப் பாதை முனைக்குப் போகச் சொன்னார் சார், கண்ணுக்கே தெரியாத தூரத்துக்கு. கம்பை ராமுத்தாய் பிடித்தாள். பாம்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தக் கையையும் கடித்தது.

ராமுத்தாய் கம்பைக் கீழே போடவில்லை. சாயா சொட்டி முடிகிறவரை அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது பேச்சிக்காக இங்கன ஒக்காரல?"

"இல்ல தாயி. இரை வரும்னு ஒக்காந்திருக்காக. ஒரே எடத்துல நாள்கணக்கா ஒக்காருவாக. அதுதான் அவுக தொழில்."

"யாரு கைய விட்டாலும் கடிக்கும்?"

"சூடா இருந்தாப் போதும்."

அவள் திரும்பித் தன் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தங்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேச்சியம்மா கடிபட்ட நாளில் இருந்து அவர்கள் கம்பை விட்டுவிட்டார்கள். காட்டில் இருக்கிற பாம்புகளுக்கெல்லாம் பகை ஒருத்தியோடுதான், அவளையும் ஏற்றுவதில்லை, பிறகு எதற்குத் தட்டுவது, எதற்கு நேரத்தை வீணாக்குவது? வாரக்கணக்காக வெறுங்கையைத் தூருக்குள் விட்டுக் காய் எடுத்திருக்கிறார்கள். பச்சை விரியனுக்குப் பக்கத்துச் செடியில்கூட. அவளை ஒதுக்கிவைத்தது அவர்களுக்கு ஒரு காவலாகவே இருந்திருக்கிறது.

"நிம்மதியா வேல பாத்துக்கிட்டு இருந்தோம். எல்லாத்துக்கும் வயித்துல புளியக் கரைச்சுட்டீகளே, அப்பு" என்றாள் ராமுத்தாய். குரலில் கோபம் இல்லை.

சார் பாம்பைக் கொக்கியில் எடுத்தார். "ஒங்களுக்கு ரெம்பத் தொந்தரவு குடுத்துட்டோம், மன்னிச்சுக்கிடுங்க" என்று அதனிடம் சொல்லி, ஆள் போகாத சோலைப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு முற்பகல் முழுக்க ஒருத்தியும் தூருக்குள் கையை விடவில்லை. கம்பு வெட்டப் போனார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில், வேலையும் போச்சு சாயாவும் போச்சு என்று எழுதியிருந்தது. முதலில் ஒரு கம்பை வெட்டிக்கொண்டு வந்து, தூரைத் தட்டி, குனிந்து காய் எடுக்க ஆரம்பித்தவள் பேச்சியம்மாதான். மற்றவர்கள் அவள் தட்டிய செடிகளாகப் பார்த்துப் பின்னால் போனார்கள்.

சாயங்காலம் ஜீப்பு கிளம்ப நின்றது. எல்லோரும் ஏறியாயிற்று. பேச்சியம்மா காலையில் வந்ததுபோலவே போக என் பைக் பக்கம் வந்தாள். ஜீப்புக்குள் இருந்து ராமுத்தாய் கூப்பிட்டாள்.

"ஏய் பேச்சி. அங்க எங்க போற? வா, ஏறு."

பேச்சியம்மா ஜீப்பின் பின்பக்கத்துக்குப் போய் நின்றாள். உடனே ஏறவில்லை. உள்ளே இருந்த ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். எல்லாம் ஒரே தெருக்காரிகள், பாதிப் பேர் சொந்தக்காரிகள்.

"பாம்புக்குத்தான் எம் மூஞ்சி தெரியாதாம், மதினி" என்றாள். "ஒங்களுக்குமா தெரியாமப் போச்சு?"

டிரைவர் என்ஜினை அணைத்தார். ராமுத்தாய் மடியில் இருந்த தூக்குச்சட்டியை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.